சின்னத்துரை வண்டியும் கவ்வாத்துக் கத்தியும்

நோர்வூட், ஹட்டன் வழி
ஆவணி மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் போனை எடுத்தால் சாப்பிட்டாயா, ஸ்வெட்டர் போட்டாயா என்று அம்மா ஆரம்பித்து, உங்கள் முறை வரும்போது சிக்னல் போய்விடுகிறது. இங்கே நான் புதுப்பிக்கும் பழைய மோட்டார் சைக்கிள் விஷயத்தை முழுதாகச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் மெக்கானிக் கடைப் பையன்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

இலங்கைக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. வெளிநாடு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் நம் ஊர் கூடலூர்தான். அதே தேயிலை, அதே மூடுபனி, அதே அட்டைக்கடி. ஆனால் வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்கிறேன். பெட்ரோல் பங்க் எங்கே என்று கேட்டால் பையன் விழிக்கிறான்; இங்கே அது பெட்ரோல் செட். பிரெட் என்பது பாண். மெக்கானிக்கைப் பாஸ் என்கிறார்கள். எனக்கு 'இந்தியா பாஸ்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அடுக்களைக்குக் குசினி, தொழிலாளர் வரிசை வீட்டுக்கு லயம், காலையில் ஆள் கணக்கெடுப்பதற்குப் பெரட்டு என்று பாட்டி மட்டும் பேசிய பேச்சை இங்கே தெருவே பேசுகிறது. கூடலூரில் நம்மைச் சிலோன்காரங்க என்பார்கள். இங்கே நான் இந்தியாக்காரன். பாட்டியையும் இந்தியாக்காரி என்றுதானே தலைமன்னாரில் கப்பல் ஏற்றினார்கள்?

நீங்கள் பிறந்த தோட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன். லயம் நிற்கிறது. தகரம் மாற்றியிருக்கிறார்கள், சுவர் அதேதான். உங்கள் காம்பிராவில் இப்போது இருக்கும் அம்மா பிளேன்டீ கொடுத்து உட்கார வைத்தார். யார் பெயரைச் சொல்லியும் அவருக்குத் தெரியவில்லை. அதை நேரில் சொல்கிறேன்.

வண்டிக்கு வருகிறேன். முதலாளி ஒரு பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கி நடத்துகிறார் என்று சொன்னேன் அல்லவா? அதன் பின்பக்கக் கொட்டகையில், உர மூட்டைகளுக்கும் ஒடிந்த கட்டிலுக்கும் நடுவே நின்றது. பி.எஸ்.ஏ. எம்20. பர்மிங்காமில் செய்தது. 496 சி.சி., ஒற்றைச் சிலிண்டர், 82 மில்லிமீட்டர் போர், 112 ஸ்ட்ரோக். புல்லட் மாதிரி புஷ்ராடு, ராக்கர் எதுவும் தலையில் கிடையாது. சைடு வால்வ். ஹெட்டைக் கழற்றினால் வெறும் மூடிதான், அம்மாவின் இட்லிப் பானைக்குக் கூட அதைவிட வேலைப்பாடு அதிகம். முன்னால் கர்டர் ஃபோர்க், பின்னால் ஷாக் அப்சார்பரே இல்லை. சீட்டின் ஸ்பிரிங்தான் நம் முதுகெலும்புக்குத் துணை.

ஃபிரேம் எண் டபிள்யூ.எம்.20 என்று தொடங்குகிறது. முன்னால் நிற்கும் டபிள்யூ, பிரிட்டிஷ் ராணுவத்துக்காகச் செய்தது என்பதற்கு அடையாளம். இரண்டாம் உலகப் போருக்காக ஒரு லட்சத்து 26 ஆயிரம் எம்20 செய்தார்களாம். 1940 நவம்பரில் அந்தத் தொழிற்சாலை மேல் ஜெர்மன்காரன் குண்டு போட்டு 53 தொழிலாளர்கள் செத்திருக்கிறார்கள். அதன் பிறகும் செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள். 1944இல் மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். இந்த மலைநாடு முழுக்க அப்போது பட்டாளம்தான். போர் முடிந்து விற்றுவிட்டுப் போனதில் ஒன்று தோட்டத்து உதவி மானேஜரான சின்னத்துரை கைக்கு வந்திருக்கும் என்பது முதலாளியின் கணக்கு. காகிதம் எதுவும் இல்லை. நம்பர் பிளேட் மட்டும் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்தியது.

எஞ்சின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் ஒத்துவரவில்லை என்று முதலாளிக்கு இரண்டு நாள் தூக்கம் போய்விட்டது. போர்க்காலத்து எம்20இல் அவை ஒத்துப்போனால்தான் அதிசயம் என்று புரியவைத்தேன்.

பதினைந்து நாள் வேலை என்று நினைத்தேன். நம் கடைக் கணக்கு அது. வண்டி வந்தால் ஓட வேண்டும், கஸ்டமர் போக வேண்டும். முதலாளி கேட்டது வேறு. "தம்பி, கம்பெனியிலிருந்து இறங்கின மாதிரி இருக்கணும்." ஓட வைப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்பது முதல் நட்டிலேயே தெரிந்துவிட்டது. 13ஆம் நம்பர் ஸ்பேனர் நுழையவில்லை, 14 வழுக்குகிறது. எல்லாம் விட்வொர்த் என்ற பழைய இங்கிலீஷ் அங்குல அளவு. நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதான், அந்த ஸ்பேனரில் கால், பதினாறில் ஐந்து என்று இருப்பது நட்டின் அகலம் இல்லை, போல்ட்டின் தடிமன். ஆனால் கையில் வைத்திருப்பவர் யார்? அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான், அங்குலத்துக்கு 26 புரி ஓடிய துளையில் மில்லிமீட்டர் போல்ட்டை முறுக்கி ஏற்றியிருந்தார். நாலு இடத்தில். நாமும் எத்தனை வண்டியில் இதைச் செய்திருக்கிறோம் என்று நினைத்தபோது திட்ட வாய் வரவில்லை.

ஸ்பேனர் கிடைத்த இடம்தான் வேடிக்கை. ஹட்டனில் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு வந்தால், "ஸ்டோருல போய்க் கேளுங்க" என்றார் பங்களா சமையல்காரர். தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்து ஃபேக்டரியில்! யோசித்தால் சரிதான். கொழுந்து உருட்டும் ரோலரும் பெல்ஃபாஸ்டில் செய்த சிராக்கோ டிரையரும் அதே காலத்து இங்கிலீஷ் இரும்பு. நட்டும் அதே அளவு. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிட்டர் ஒருவர் இருக்கிறார், எண்பதைத் தொடப்போகிறார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்தார். முழு செட், துருவில்லாமல், எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தார். இரவல்தான் தருவேன், தினமும் சாயங்காலம் எண்ணித் திருப்பித் தர வேண்டும் என்றார். ஐந்து மாதமாக எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் நிறம். மேலே கறுப்பு. சுரண்டினால் சிவப்பு. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நீங்கள் ஓடிப்போய்ப் பார்ப்பீர்களே, சின்னத்துரையின் சிவப்பு வண்டி, அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மெக்கானிக் ஆனேன் என்பீர்களே. பிட்டர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ரெட் ஆக்சைட், ஸ்டோர் தகரத்துக்கு அடிச்சதுல மிச்சம்" என்றார். தோட்டத்தில் பாதிச் சாமானுக்கு அதே சிவப்புதானாம். ஆக, உங்கள் வண்டியா என்று என்னைக் கேட்காதீர்கள்.

சிவப்புக்கும் அடியில், டாங்கின் வயிற்றில், அசல் பூச்சு இருந்தது. பச்சை இல்லை, பழுப்பு. போர் தொடங்கியபோது காக்கிப் பச்சை அடித்திருக்கிறார்கள். 1942 வாக்கில் பழுப்பு, 1944க்கு மேல் ஆலிவ் பச்சை. நம்முடையது நடுவில் மாட்டியது. குரோமியம் பளபளக்க, விருந்தாளிகள் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள் என்று கனவு கண்ட முதலாளியிடம் சாம்பிள் தகட்டைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இது சாணி நிறமில்லையா தம்பி?" அசல் கேட்டவர் நீங்கள்தானே என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சரி என்றார்.

அடிப்பது அதைவிடப் பாடு. ஆனி, ஆடி முழுக்க இந்தப் பக்கம் மழை. பெயிண்ட் காய்வதற்குள் ஈரம் ஏறி, வெள்ளைப் படலம் படர்ந்துவிடுகிறது. கொழுந்து வாட்டும் மாடியில் நல்ல சூடான காற்று அடிக்குமே, ஓர் ஓரமாக மட்கார்டைத் தொங்கவிடலாமா என்று, ஸ்டோரில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கரைக் கேட்டேன். அவர் பார்த்த பார்வை! தேயிலை எந்த வாசத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், இருபது வருடமாக நான் பவுடர்கூடப் போட்டதில்லை என்றார். கடைசியில் பங்களாக் குசினி அடுப்புக்குப் பக்கத்தில் கயிறு கட்டிக் காயப்போட்டேன். பின் மட்கார்டில் கிட்டப் போய் முகர்ந்தால் இன்னும் கருவாட்டுக் குழம்பு.

உங்களுக்குப் பிடிக்கும் ஒன்று சொல்கிறேன். இந்த வண்டிக்குக் கைப்பிடியில் ரப்பர் கிடையாது, கால் வைக்கும் இடத்திலும் கிடையாது. மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் ரப்பர் பஞ்சம். கைப்பிடிக்குக் கேன்வாஸ், காலுக்கு வெறும் இரும்பு என்று கம்பெனியே மாற்றிவிட்டது. மிச்சமிருந்த ரப்பருக்கு அவர்கள் பெரும்பாலும் நம்பியது இந்த இலங்கையைத்தான். இங்கிருந்து யட்டியாந்தோட்டை இறங்கினால் இருபக்கமும் ரப்பர் மரம். அந்த மரங்களைத் தாண்டித்தான் ரப்பரில்லாத வண்டி மலை ஏறியிருக்கிறது. முதலாளி வாங்கி வைத்திருந்த அழகான ரப்பர் கைப்பிடிகளைப் பெட்டியோடு திருப்பிக் கொடுத்தேன்.

மாக்னெட்டோதான் என்னை அழ வைத்தது. லூகாஸ் மாக்டைனமோ. கீழே பொறி கொடுக்கும் மாக்னெட்டோ, அதன் தோளில் டைனமோ. ஒருவரிடம் ஆர்மேச்சர் கட்டக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். ஆறு வாரம் கழித்து வந்தது. குளிர்ந்திருக்கும்போது நீலமாகப் பொறி, பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் செத்துவிடும். திரும்ப அனுப்பினால், கட்டியது சரிதான், வண்டியில் கோளாறு என்று பதில். அன்று நீங்கள் போனில் சொன்னீர்களே, காயிலைச் சந்தேகப்படுமுன் கண்டென்சரைப் பார் என்று. இதில் அது ஆர்மேச்சருக்கு உள்ளேயே புதைந்திருக்கிறது. நானே பிரித்தேன். பழையதையே உள்ளே விட்டுக் கட்டியிருக்கிறார் மனிதர். புதியதைப் போட்டதும் மலை ஏறி இறங்கினாலும் பொறி நிற்கவில்லை.

முதன்முதலில் ஒழுங்காகக் கிளப்பிய கதையையும் கேளுங்கள். மூன்று வாரம் நின்ற வண்டி. ஆயில் டாங்கிலிருந்து ஆயில் தானாகவே கசிந்து எஞ்சின் அடிவயிற்றில் இறங்கிவிடும், கிளப்புமுன் வடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அன்று ஆசை கண்ணை மறைத்துவிட்டது. பற்றவைப்பு நெம்பைப் பின்னுக்குத் தள்ளி, வால்வ் லிஃப்டரைப் பிடித்து, ஒரே உதை. பிடித்துக்கொண்டது. கூடவே புல்தரை முழுக்கப் புகை. தேநீர் குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தம்பதி கோப்பையோடு எழுந்து ஓடினார்கள். பங்களா எரிகிறது என்று கீழ் லயத்திலிருந்து வாளியோடு ஆள் வந்துவிட்டது. புகை விலகியபோது முதலாளி மட்டும் இருமிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியது. இந்த வண்டியின் கியர் பெடல் அசல் இல்லை. எப்போதோ ஒடிந்திருக்கிறது. அடிப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, தோட்டத்து ஆசாரி தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி ஒன்றை அடித்து வளைத்துப் பித்தளையால் பற்றவைத்திருக்கிறார். கத்தியின் வளைவு அப்படியே தெரியும். பிட்டர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் துருத்தி ஊதிக் கொடுத்தாராம். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுக்கும் வரை ஒவ்வொரு சின்னத்துரையும் மிதித்தது அதைத்தான். இங்கிலாந்திலிருந்து புதுப் பெடல் வந்தது. அசல் மாதிரியே. மாட்டினேன். பழையதைப் பழைய இரும்போடு போடச் சொன்னார் முதலாளி. நான் போடவில்லை.

வேலை முடிந்ததும் பிட்டரை அழைத்து வந்து காட்டினேன். பூச்சைப் பார்க்கவில்லை, சத்தத்தைக் கேட்கவில்லை. நேரே வலது பக்கம் போய் நின்றார். ஏறி உட்கார்ந்து புதுப் பெடலை இரண்டு தடவை அமுக்கினார். "மழையில கால் வழுக்கும்" என்றார். அவ்வளவுதான். ஸ்பேனர் பெட்டியை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னது நிஜம்தான். கத்திப் பெடலில் ஆசாரி குறுக்கே அரத்தால் வரி போட்டிருக்கிறார், செருப்புக் கால் நழுவாது. அதனால் ஒன்று செய்கிறேன். ஹோட்டலில் நிற்கும்போது இங்கிலீஷ் பெடல். நோர்வூட் பக்கம் ஓட்டிப் பார்க்கப் போகும் நாளில், வளைவு தாண்டி நிறுத்தி, கத்திப் பெடலை மாட்டிக்கொள்வேன். ஒரே ஒரு போல்ட், நாலு நிமிடம். முதலாளிக்குத் தெரியாது. இது திருட்டுத்தனமா, இல்லை வண்டி கேட்கும் வேலையா? நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த மாதம் சித்தப்பா மகன் கொழும்பு வருகிறானாம். அவனிடம் நம் கடையின் மேல் தட்டில் இருக்கும் புரி வெட்டும் பழைய விட்வொர்த் டாப் செட்டைக் கொடுத்துவிடுங்கள். பிட்டரை எத்தனை நாள்தான் தொந்தரவு செய்வது? கூடவே கைப்பிடிக்குக் கேன்வாஸ் ஒரு முழம். முதல் சுற்று மழையில் நைந்துவிட்டது.

அவன் திரும்பும்போது அம்மாவுக்கு மாசிக் கருவாடு கொடுத்தனுப்புகிறேன். தேயிலை அனுப்பவில்லை. கூடலூருக்கே தேயிலையா என்று அவள் சிரிப்பாள்.

அன்பு மகன்