அணைஞ்சிடுச்சா?

அன்புள்ள சேகர்,

நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தினமும் ஊசியில் நூல் கோத்துக் காட்டி எங்களை மிரட்டிக்கொண்டிருக்கிறார்.

ஊரில் பாரதக் கூத்து முடிந்து பதினைந்து நாள் ஆகிறது. அர்ச்சுனன் தபசு அன்றைக்கு நேரலையில் ‘சத்தம் கேக்கல, போனைக் கிட்ட வை’ என்று எழுதினது நீதானே? இங்கே அப்போது மூன்று மணி, உனக்குக் குவைத்தில் பன்னிரண்டரை. காலையில் டூட்டிக்குப் போனாயா, இல்லையா? போனைக் கிட்ட வைத்தால் முகவீணைக் குழலைத் தவிர ஒன்றும் கேட்காது, தள்ளி வைத்தால் பாட்டு காற்றோடு போய்விடும். தம்பி மகன் ராத்திரி முழுக்க ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தான்.

கூத்தைப் போனில் பார்க்கிற இந்தப் பழக்கம் நம் பக்கம் சூடு பிடித்தது 2020-இல். கூத்துக்காரர்களுக்குப் பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும்தான் நாலு காசு. ஊரடங்கு சரியாகப் பங்குனியில் வந்து விழுந்தது. வாங்கின முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் திண்டாடினதாக நம் ஊருக்கு வருகிற கூத்து வாத்தியாரே சொன்னார். பழைய பதிவுகளைப் பையன்கள் யூடியூபில் ஏற்றினார்கள். பெங்களூரிலும் வளைகுடாவிலும் கிடக்கிற உன்னைப் போன்றவர்கள் மொய்த்துக்கொண்டீர்கள். இப்போது கர்ணன் வேஷம் யார் நன்றாகக் கட்டுகிறார்கள் என்று போனில் பார்த்துவிட்டுத்தான் நம் ஊர்ப் பெரியவர்கள் பேச்சையே எடுக்கிறார்கள். வாத்தியாருக்கு இதில் வருத்தம் இல்லை. ஆடக் கிடைக்கிற ராத்திரிகள் கூடியிருக்கின்றன.

வருத்தம், கூத்தில் கோமாளியாக வந்து சிரிக்கவைக்கிற நம் கட்டியக்காரருக்குத்தான். துரியோதனன் கொலுவில் நின்றுகொண்டே நம் தெருவை வம்புக்கு இழுப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் மாமா ஆட்டை விற்று மோதிரம் போட்ட கதையை அவர் சொல்ல, மாமா எழுந்து நின்று கும்பிட்டு ஐந்து ரூபாய் கொடுத்தாரே! அப்படித்தான் போன வருஷம் பக்கத்து ஊரில், நிலத்தை விற்றுக் கார் வாங்கின ஒருவரைக் கிண்டல் செய்திருக்கிறார். அந்த ஆள் முதல் வரிசையில் உட்கார்ந்து சிரித்தாராம். மறுநாள் யாரோ அதை மட்டும் அரை நிமிஷம் வெட்டி வாட்ஸப்பில் விட்டுவிட்டார்கள். அது அவருடைய சம்பந்தி வீடு வரைக்கும் போய், மூன்றாம் நாள் வாத்தியார் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

கட்டியக்காரரிடம் டீக்கடையில் பேசினேன். “எதிர்ல மூஞ்சி இருந்தா எது வரைக்கும் போலாம்னு தெரியும். சுருங்கினா மாத்திடுவேன். இதுக்கு மூஞ்சி எங்க இருக்கு?” என்று என் போனைக் காட்டினார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. புரிசை ஊர்க் கூத்துக்காரர்கள் வெளிநாட்டுக்குப் போய் ஆடினபோதுகூட எதிரே ஆட்கள் இருந்தார்கள். பாஷை புரியாவிட்டால் என்ன, முகம் இருந்ததே. இந்த வருஷம் இவர் வாயில் அகப்பட்டவை கொசுவும் கரண்டும் மட்டும்தான்.

தூரத்தில் இருக்கிற உனக்கு இது கிடைப்பதே பெரிசு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதிவை ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துப் பார்த்ததாக உன் பையன் சொன்னான். அர்ச்சுனன் கம்பம் ஏறுவதை ஓட்டிவிட்டுப் பார்த்தால் என்னடா இருக்கிறது? ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. கீழே ஈரச்சேலையோடு பெண்கள் எலுமிச்சம்பழத்துக்கு மடியேந்திக் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்புதானே கூத்து.

நாலு மணிக்கு நேரலை நின்றுபோனதைக் கவனித்திருப்பாய். சார்ஜ் தீர்ந்துவிட்டது. தம்பி மகன் வயரைத் தேடி ஓடினான். கட்டியக்காரர் பாட்டை நிறுத்தி ஸ்டாண்டு பக்கம் எட்டிப் பார்த்தார்.

“அணைஞ்சிடுச்சா?”

“அணைஞ்சிடுச்சு” என்று நாலைந்து பேர் கத்தினோம்.

அப்புறம் ஒரு பத்து நிமிஷம்! தூங்கிக்கொண்டிருந்த கிழவிகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியில் தொடங்கி, கடைசியில் குவைத்திலிருந்து ‘சத்தம் கேக்கல’ என்று அதட்டுகிற ஒருவரிடம் வந்து நின்றார். என்ன சொன்னார் என்பதை இதில் எழுத மாட்டேன். நீ இதையும் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டுவிடுவாய். லீவில் வரும்போது கேள், சொல்கிறேன்.

அன்புடன்,
மணி