என் சித்தி கண்மூட ஒரு வீடு கேட்கிறேன்

முன்னாள் படைவீரர் நலனுக்குப் பொறுப்பேற்றிருக்கும் மத்திய, மாநில அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சென்ற ஆவணியில் என் சித்தியை வாடகை வீட்டிலிருந்து காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வாடகை பாக்கி இல்லை, யாரோடும் சண்டை இல்லை. காய்ச்சல் முற்றிப் பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்துவிட்டு வீடு திரும்பியிருந்தார். மூன்றாம் நாள் வீட்டுக்காரர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "அம்மா, தப்பாக நினைக்காதீர்கள். உங்களுக்கு ஒன்று ஆகி, நாள் நட்சத்திரமும் சரியில்லாமல் போனால் ஆறு மாதம் வீட்டை அடைத்துப் போட வேண்டும். மாடியில் என் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்." சித்தி அழவில்லை. "எத்தனை நாள் தருவீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

சித்தப்பா ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டில் நாயக் பதவியில் இருந்தவர். 1966-இல் சேர்ந்து 1983-இல் ஊர் திரும்பியவர். 2008-இல் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. சித்திக்கு இப்போது 76 வயது. சித்தப்பா போன பிறகு சித்தி மாறிய ஆறாவது வீடு அது. ஒவ்வொரு முறையும் முதலில் இறங்குவது சித்தப்பாவின் இரும்பு டிரங்குப் பெட்டி. பச்சைப் பெயின்ட் உதிர்ந்துவிட்டது. வெள்ளை எழுத்தில் அவருடைய எண்ணும் பெயரும் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன, ஏனென்றால் பொங்கலுக்குப் பொங்கல் சித்தி அதைத் தன் கையால் எழுதிப் புதுப்பிக்கிறார். உள்ளே டிஸ்சார்ஜ் புத்தகம், இரண்டு பதக்கங்கள், ஒரு கம்பளி. வீடு பார்க்கப் போகும்போது அந்தப் பெட்டியைப் பற்றித் தரகர் பெருமையாகச் சொல்வார், "மிலிட்டரிக்காரர் வீட்டம்மா" என்று. வீட்டுக்காரர்கள் முகம் மலரும். அடுத்த கேள்வி, "கூட யார் இருக்கிறார்கள்?" பதிலைக் கேட்டதும் மலர்ந்த முகம் சுருங்கும்.

இந்த நிலையில்தான் உங்கள் துறையைச் சேர்ந்த ஓர் அலுவலகத்துக்குச் சித்தியை அழைத்துப் போனேன். எந்த ஊர் அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். படைவீரர்களுக்கான ஓய்வில்லத்தில் சில நாள் தங்கலாம், நிரந்தரமாக இடம் கிடையாது என்றார். முதியோர் இல்லத்துக்கு முயன்று பாருங்கள் என்றார். கடைசியாக என்னைப் பார்த்து, "நீங்களே வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்றார்.

வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஐயா. மூன்று மாதமாக என் வீட்டில்தான் இருக்கிறார். ஒற்றைப் படுக்கையறை வீடு, மாமியாரும் உடன் இருக்கிறார். சித்தி கூடத்தில் படுக்கிறார். நாங்கள் எழுவதற்கு முன்பே பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிடுகிறார். இருமல் வந்தால் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுகிறார். ஆயுள் முழுக்கத் தன் அடுப்பில் தான் சமைத்துச் சாப்பிட்டவர், இன்று என் சமையலறை வாசலில் நின்று, "கொஞ்சம் வெந்நீர் வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்கிறார். எனக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை.

முதியோர் இல்லங்களுக்கும் அலைந்தோம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும்படி இல்லம் அமைப்பதைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அது வறியவர்களுக்கானது. இலவச இல்லத்தில், "குடும்ப பென்ஷன் வருகிறதே" என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், அங்கே ஒன்றுமே இல்லாதவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். கட்டண இல்லத்தில் முன்பணமே லட்சங்களில் கேட்டார்கள். சித்திக்கு அகவிலைப்படியோடு சேர்த்து வருவது சுமார் 15,000 ரூபாய். இலவசத்துக்கு அது அதிகம், கட்டணத்துக்கு அது குறைவு. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட படைவீரர் மனைவியர் எத்தனை பேர் என்பது என்னைவிட உங்கள் பதிவேடுகளுக்குத் தெரியும்.

ராணுவ நல வீட்டுவசதி அமைப்பு 1978 முதல் லாபமும் நட்டமும் இல்லாமல் வீடு கட்டித் தருகிறது. விதவையரும் விண்ணப்பிக்கலாம். நல்ல காரியம்தான். ஆனால் அது விலைக்கு வாங்கும் வீடு. 76 வயதில் சித்திக்கு விலைக்கு வீடு எதற்கு? யாருக்கு எழுதிவைக்க? அவருக்கு வேண்டியது ஓர் அறை, ஓர் அடுப்பு, இரவில் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு மனிதர். கண்மூடும்வரை யாரும் காலி செய்யச் சொல்லாத ஓர் அறை. நான் கேட்பது இதைத்தான்.

போரில் உயிர்நீத்தவரின் மனைவியை வீர நாரி என்கிறோம். அவருக்கு உயர்ந்த விகிதத்தில் பென்ஷன் உண்டு, முன்னுரிமைகள் உண்டு. அவர்களுக்கு எவ்வளவு செய்தாலும் தகும். ஆனால் ஓய்வுபெற்று வந்து ஊரில் இறந்தவரின் மனைவி எந்தப் பட்டியலில் வருகிறார்? சித்திக்கு 1970-இல் கல்யாணம். மறு ஆண்டே பாகிஸ்தானுடன் போர். அந்த டிசம்பர் முழுக்கத் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாராம், விழுந்து உடையக் கூடாதே என்று. அதன் பிறகும் பன்னிரண்டு ஆண்டுகள், ஆண்டுக்கு இரண்டு மாத விடுப்பைத் தவிர மற்ற நாளெல்லாம் தனியாகத்தான் இருந்தார். தனிமைக்குப் பழகியவர்தானே என்று நாம் அவரை அப்படியே விட்டுவிட்டோம்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியையாக முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள். ஒவ்வொரு டிசம்பர் 7-ஆம் தேதியும் கொடிநாள் உண்டியலைக் கையில் ஏந்தி வகுப்பு வகுப்பாகப் போயிருக்கிறேன். மிட்டாய்க்கு வைத்திருந்த காசைப் பிள்ளைகள் போடுவார்கள். "டீச்சர், இந்தக் காசு யாருக்குப் போகும்?" என்று ஒரு பையன் கேட்டபோது, "நம்மைக் காத்தவர்களின் குடும்பத்துக்கு" என்று சொன்னேன். அந்தச் சொல்லை நீங்கள் காப்பாற்றித் தர வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், விமானப்படையின் சாதாரண நிலை வீரர்கள் விட்டுச்சென்ற மனைவியருக்காக 1967-இல் ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு தொடங்கப்பட்டு இன்றும் நடக்கிறது. முழு வாடகை கொடுப்பவரும் கொடுக்க முடியாதவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்கிறார்கள். யார் கொடுக்க முடியாதவர் என்பது அண்டை வீட்டுக்குத் தெரியாது. அந்தக் கடைசி ஏற்பாட்டைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உதவி பெறுகிறவரின் மானத்தையும் யாரோ யோசித்திருக்கிறார்கள்.

அதுபோன்ற பெரிய குடியிருப்பு உடனே வேண்டாம். வீட்டுக்கு வீடு படைவீரர்கள் இருக்கும் வேலூர் போன்ற மாவட்டங்களில் தொடங்குங்கள். படைவீரர் பாலிகிளினிக்குக்குப் பக்கத்தில், தரைத்தளத்தில் இருபது அறைகள் போதும். பென்ஷனில் ஒரு பங்கை வாடகையாக வாங்கிக்கொள்ளுங்கள். இலவசம் வேண்டாம் என்று சித்தியே எழுதச் சொன்னார். பதவி பார்க்காதீர்கள், கணவர் எப்படி இறந்தார் என்று பார்க்காதீர்கள். படுத்த படுக்கையானால் வெளியேற்றக் கூடாது. இறந்தால் அந்த வாசலிலிருந்தே எடுத்துச் செல்ல வேண்டும். இவை இரண்டையும் விதியாகவே எழுதிவைக்க வேண்டும்.

ராணுவத்தில் இருப்பவர் உயிர்துறந்தால் மூவர்ணக் கொடி போர்த்தி வீட்டு வாசல்வரை கொண்டுவந்து கொடுக்கிறீர்கள். அவர் மனைவியைக் கிடத்துவதற்கு ஒரு வாசல் இல்லையே என்பதுதான் என் ஆற்றாமை. கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

சித்தியின் பெட்டி எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்னும் கயிறு அவிழ்க்காமல் இருக்கிறது. "எப்படியும் கிளம்பத்தானே வேண்டும்" என்கிறார். அப்படி ஓர் இல்லம் வருமா, எப்போது வரும், விண்ணப்பத்தை யாரிடம் தர வேண்டும் என்று ஒரு வரி பதில் எழுதுங்கள். கொடிநாளுக்கு முன் அந்தப் பதில் வந்தால் சித்தியிடம் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு நாயக்கின் மனைவிக்கு மகள் முறையானவள்,
ஓய்வுபெற்ற ஆசிரியை