ஹீஷம் கல்லறைக் குழிகளுக்குள் பிள்ளைகளை இறக்காதீர்கள்: கோடைச் சுற்றுலா ஏற்பாடு செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வெயில் தலைகாட்டியதும் வேன் பிடித்து, புளியோதரை கட்டிக்கொண்டு, நம் ஆட்களை இங்கிலாந்தின் லங்காஷயர் கடற்கரைக்கு அழைத்து வரும் நண்பர்களுக்கு வணக்கம்.

மோர்கம் வரைக்கும் வருகிறீர்கள், அப்படியே ஹீஷத்துக்கும் ஒரு நடை வந்துவிட்டுப் போகிறீர்கள், சந்தோஷம். ஹீஷத்துக் கடலோரப் பாறை மேட்டில் தமிழ்க் குரல் கேட்டாலே எனக்கு நடை நின்றுவிடும். ஆனால் போன மாதம் கேட்ட குரல், "இன்னும் கொஞ்சம் இறங்கு கண்ணா, முகம் தெரியல" என்றது. கண்ணாவுக்கு ஐந்து வயது இருக்கும், நின்றுகொண்டிருந்த இடம் பாறையில் வெட்டிய ஒரு பழைய கல்லறைக் குழி. அடுத்த குழியில் அவன் அக்கா கையைக் கட்டி, கண்ணை மூடி, செத்தவளைப் போல நீட்டிப் படுத்திருந்தாள். படம் எடுத்தவர் அவர்களுடைய தாத்தா போலிருக்கிறது.

நம் ஊரில் சாவு வீட்டுக்குப் போய் வந்தாலே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் கால் வைப்போம். சுடுகாட்டுப் பக்கம் பிள்ளையைக் கூட்டிப் போனது தெரிந்தால் பாட்டி வீட்டை இரண்டாக்கிவிடுவார். வெளிநாட்டுக்காரன் கல்லறை என்றால் மட்டும் செல்ஃபி பாயின்ட் ஆகிவிடுகிறது! சரி, சகுனம், தீட்டு எல்லாம் பார்க்கச் சொல்லி இதை எழுதவில்லை, அதில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. என் கவலை அந்தக் கல்லைப் பற்றியது.

வேனில் வரும்போது யாராவது இதை மைக்கில் சொல்லியிருந்தால் நான் எழுதவே தேவை இருந்திருக்காது. மேட்டில் இடிந்து நிற்பது செயின்ட் பேட்ரிக் பெயரில் உள்ள சிற்றாலயம். அயர்லாந்தின் புனிதர் பேட்ரிக் 5-ஆம் நூற்றாண்டில் கப்பல் உடைந்து இங்கே கரை ஒதுங்கினார் என்று ஊர்க்கதை உண்டு. கட்டடம் அவ்வளவு பழையது இல்லை, ஆனாலும் 8-ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கிய ஆலயம் என்கிறார்கள், அதாவது நம் பக்கம் பல்லவர்கள் மாமல்லபுரத்துக் கடற்கரையில் கோயில் எழுப்பிய காலத்தை ஒட்டியது. இப்போது மிச்சம் இருப்பது கிழக்குச் சுவரும், வளைவு வாசலோடு தெற்குச் சுவரின் ஒரு பகுதியும்தான். உள்ளே நின்று பார்த்தால் நம் வீட்டு ஹால் அளவுகூட வராது. 1977-78-இல் தோண்டிப் பார்த்தபோது இதற்கும் முந்தைய, இன்னும் சின்ன ஆலயம் ஒன்றின் தடயமும், சுற்றிலும் ஏறக்குறைய 80 பேருடைய எலும்புகளும் கிடைத்தன. குழந்தைகளும் அதில் உண்டு.

அப்புறம் அந்தக் குழிகள். மொத்தம் 8, அதில் 6 ஒரே வரிசையில் கடலைப் பார்த்தபடி, மற்ற இரண்டு கொஞ்சம் தள்ளி. தரையைத் தோண்டிக் கல் பதித்தவை இல்லை, மேட்டின் பாறையையே உளியால் குடைந்து எடுத்தவை. சிலவற்றில் தலைக்கும் தோளுக்கும் இடம் விட்டு, மனித உருவத்துக்கே வெட்டியிருக்கிறார்கள். தலைமாட்டில் சதுரமாக ஒரு சின்னக் குழி தெரியும், சிலுவையை நட்டு வைக்க வெட்டியது அது என்கிறார்கள். அந்தச் சிறுவன் ஒரு காலை அதில் ஊன்றித்தான் ஏறி வெளியே வந்தான். இவ்வளவு பாடுபட்டு வெட்டியிருப்பதைப் பார்த்தால் உள்ளே வைக்கப்பட்டவர்கள் சாமானியர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

நான் போய்ச் சொன்னபோது பெரியவர் கோபப்படவில்லை. "எல்லாரும்தானே தம்பி இறங்குறாங்க, வெள்ளைக்காரப் பிள்ளைகளும்தான்" என்றார். உண்மைதான். ஒரு ராக் இசைக்குழு இந்தக் குழிகளைத் தன் ஆல்பத்தின் அட்டையிலேயே போட்டது, அதைப் பார்த்துவிட்டு வருகிற கூட்டமும் உண்டு. ஆனால் அது மணற்கல். செருப்பில் ஒட்டிய மணல், மேலே நிற்பவர் திரும்பும்போதெல்லாம் உப்புத்தாள் வேலை செய்யும். விளிம்புகள் ஏற்கெனவே மழுங்கி வழவழவென்று ஆகிவிட்டன. மழையும் பனியும் அரிப்பதை யாராலும் தடுக்க முடியாது, நாமும் சேர்ந்து அரிக்க வேண்டுமா? ஆதிச்சநல்லூர் தாழிக்குள் ஒரு வெள்ளைக்காரர் பிள்ளையை இறக்கிப் படம் எடுத்தால் நம் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் ஒரு வாரம் கொதிக்கும்.

மேட்டுக்குக் கீழே செயின்ட் பீட்டர் ஆலயம் இருக்கிறது, பெரும்பாலான வேன்கள் அதைத் தாண்டியே போய்விடுகின்றன. உள்ளே வைக்கிங் (வட ஐரோப்பியக் கடலோடிகள்) காலத்துக் கல்லறைக் கல் ஒன்று இருக்கிறது. நீளமாக, முதுகு வளைந்து, இரண்டு நுனியையும் நுனிக்கொன்றாக விலங்குகள் கட்டிப் பிடித்திருக்கும், பக்கவாட்டில் மனிதர்களும் மிருகங்களும் செதுக்கியிருக்கும். அதுவும் வெகுகாலம் வெளியே முற்றத்தில் மழையில் கிடந்ததுதான், பிறகு உள்ளே கொண்டுவந்து காப்பாற்றினார்கள். மேலே உள்ள குழிகளை அப்படித் தூக்கிக்கொண்டு வர முடியாது, பாறையோடு பிறந்தவை. அதைக் காப்பாற்ற ஒரே வழி வேலி போடுவதுதான் என்று நாளைக்கு யாராவது முடிவெடுத்தால் எல்லாருக்கும் நஷ்டம். இன்றைக்கு டிக்கெட் இல்லை, கேட் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து உளி போன தடத்தைத் தேடிப் பார்க்க முடிகிறது.

படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லவே இல்லை. மழை பெய்து ஓய்ந்த மாலையில் குழிகளில் தண்ணீர் நிற்கும். தலைமாட்டுப் பக்கம் தள்ளி நின்று, கேமராவைத் தாழ்த்திப் பிடித்தால் ஆறிலும் வானம் தெரியும், பின்னால் மோர்கம் விரிகுடா, வெளிச்சம் இருந்தால் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளும் வரும். குழிக்குள் யாரும் இல்லாமல் எடுத்தால்தான் அந்தப் படம் அழகு. பக்கத்தில் இருக்கும் அணுமின் நிலையம் ஃபிரேமில் வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

ஏற்பாடு செய்பவர்களிடம் கேட்பது சின்ன விஷயம். வேன் எத்தனை மணிக்கு, எங்கே ஏற வேண்டும் என்று குழுவில் செய்தி போடுவீர்கள் இல்லையா, அதோடு "குழிகளுக்குள் இறங்க வேண்டாம், சுவர் மேல் ஏற வேண்டாம்" என்று ஒரு வரி சேருங்கள். கூடவே இன்னொன்று: தண்ணீர் வற்றியிருக்கிறதே என்று யாரையும் விரிகுடா மணலில் தூரம் நடக்க விடாதீர்கள். அங்கே புதைமணல் உண்டு, கடல் ஏறும் வேகம் நாம் ஓடும் வேகத்தைவிட அதிகம். 2004 பிப்ரவரியில் சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் 20 பேருக்கு மேல் ஒரே இரவில் இறந்தது இந்த விரிகுடாவில்தான். கடல் ஏறும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.