மெய்நிகர் கருவி வரட்டும், தகடும் இருக்கட்டும்

ஆசிரியருக்கு,

பாலிடெக்னிக் பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். நிஜ நெருப்பில்லாமல், தலையில் மாட்டும் ஹெல்மெட்டின் திரையில் வெல்டிங் பழக்கும் மெய்நிகர் கருவி வந்தால் கைத்தொழில் கெட்டுவிடும் என்று சக ஆசிரியர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். எனக்கு அந்த அச்சம் இல்லை.

முதன்முதலாக மாணவன் 3.15 மி.மீ. வெல்டிங் ராடை (உருகி இணைப்பாகும் உலோகக் குச்சி) இரும்புத் தகட்டில் உரசியதும் அது ஒட்டிக்கொள்ளும். வெடுக்கென்று இழுத்தால் ஆர்க் (ராடுக்கும் தகட்டுக்கும் இடையே எரியும் மின்சாரச் சுடர்) அணைந்துவிடும். முகமூடிக்குள் ஒரே இருட்டு. எங்கே தவறினோம் என்று அவனுக்கும் புரியாது, பின்னால் நிற்கும் ஆசிரியருக்கும் முழுதாகத் தெரியாது. மெய்நிகர் ஹெல்மெட்டோ ராடின் சாய்வு, ஆர்க் இடைவெளி, கை நகரும் வேகம் மூன்றையும் அந்த நொடியே காட்டிவிடுகிறது. ஒரு வெல்டிங் மெஷினுக்கு ஒரு வகுப்பே காத்து நிற்கும் பட்டறைகளில் இது பெரிய உதவி.

ஆனால், கையுறையில் தீப்பொறி தெறிக்கும்போது பதறாமலிருக்க அது பழக்காது. உருகிய குழம்பையும் அதன்மேல் மிதக்கும் கசடையும் பிரித்தறியும் கண், நிஜ நெருப்பின் முன்புதான் வாய்க்கும். கருவி வாங்கியதைக் காரணம் காட்டி ராடுக்கும் தகட்டுக்குமான பணத்தில் கைவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அனுமதிக்கக் கூடாது. செய்முறைத் தேர்வு இரும்புத் தகட்டிலேயே நடக்க வேண்டும். கருவியில் முதல் பயிற்சி ஆசிரியர்களுக்கே தரப்பட வேண்டும்.

– ஓய்வுபெற்ற பட்டறைப் பயிற்றுநர்,
திருச்சி