மாமாவுக்கு, அந்தக் கறிச்சோறு பற்றி

மாமா,

அடுத்த வாரம் அப்பாவுக்கு வருசம் திரும்புகிறது. படையலுக்கு என்னென்ன வைப்பது என்று அம்மா போனில் சொல்லிக்கொண்டே வந்தாள், கறிக்குழம்பு என்றதும் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

கருமாதி வரைக்கும் வீட்டில் கவுச்சி இல்லை. பதினாறு நாளும் நான் எல்லாரையும் போலத்தான் சாப்பிட்டேன், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் நீங்கள் தாய்மாமன் முறைக்குக் கிடா வாங்கி வந்து துக்கம் கழிக்கக் கறிச்சோறு போட்டீர்கள். முதல் இலை எனக்கு. வாளியை நீங்களே தூக்கி வந்து, கரண்டியால் துழாவி ஈரலாகப் பார்த்து எடுத்தீர்கள், சின்ன வயதில் அதற்குத்தானே உங்கள் மடியில் உட்கார்ந்து அடம்பிடிப்பேன். நான் இலைக்கு மேல் கையை நீட்டிவிட்டேன். குழம்பு புறங்கையில் சொட்டியது, நல்ல சூடு. நீங்கள் திட்டவில்லை. என் கையைப் பார்த்தீர்கள், அடுத்த இலைக்குப் போய்விட்டீர்கள்.

மன்னித்துவிடுங்கள் மாமா. முந்தின நாளே உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்குக் கறி வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்னால் விட்டிருப்பீர்களா? "கறியை ஒதுக்கிட்டுக் குழம்பை மட்டும் ஊத்திக்க" என்று ஏழெட்டு வருசமாக ஒவ்வொரு விசேஷத்திலும் கேட்டுவிட்டேன். பந்தியில் எனக்கு மிஞ்சுவது ரசமும் மோரும்தான், அந்த ரசத்தையும் கறிக்குழம்புக் கரண்டியால்தான் ஊற்றுவார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தால் தனிச் சட்டி, தனிக் கரண்டி வரும். புரட்டாசி என்றால் கேள்வியே இல்லை. சாமிக்காக விட்டால் விரதம், நானாக விட்டால் திமிர், அப்படித்தானே?

மற்றவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சைவம் உசத்தி என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சென்னையில் 'சைவம் மட்டும்' என்று போர்டு மாட்டிய வீடுகளுக்கு நான் வாடகை கேட்டுப் போனதில்லை. அந்தப் போர்டு யாரை வாசலிலேயே நிறுத்துகிறது என்று எனக்குத் தெரியும்.

1950-ஆம் வருசத்துச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, கோயிலில் கிடா வெட்டக் கூடாது என்று 2003-இல் அரசு சொன்னபோது, "எங்க சாமி என்ன திங்கணும்னு சொல்ல இவங்க யாரு" என்று கொதித்தீர்கள். நியாயமான கோபம். அடுத்த வருசமே அந்தச் சட்டத்தையே நீக்கினார்கள். அதே கோபத்தை என் மேல் ஏன் காட்டுகிறீர்கள் மாமா? நான் யார் இலையையும் மறிக்கவில்லை. என் இலையைத்தான் மறைத்தேன்.

ஏன் விட்டேன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சட்டம் போனபின் வந்த முதல் கும்பிடில் கிடாவின் தலையில் மஞ்சத்தண்ணி ஊற்றியது நீங்கள். அது வெட்டச் சம்மதம் என்பதுபோல் உடம்பை உதறித் துலுக்குகிற வரைக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். வெகுநேரம் அது துலுக்கவே இல்லை.

வருசத்துக்கு வருகிறேன். அப்பா இலையில் கறியை நான்தான் வைப்பேன், அவருக்குப் பிடித்த நல்லி எலும்போடு. காக்காய்க்கு வைத்துவிட்டு வந்து பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்காருவேன். எனக்கு அம்மா வைக்கிற கத்தரிக்காய்க் கூட்டு போதும். எழுந்து போய்விடாதீர்கள் மாமா.