கோடு போட்ட நோட்டுக்கு நன்றி

இதய வால்வை மாற்றும் அறுவை சிகிச்சை முடிந்து அம்மா வீடு திரும்பிவிட்டார். அறுவை சிகிச்சை செய்த மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், இதயம் நின்றிருந்த வேளையில் அதன் வேலையைச் செய்த இயந்திரத்தை இயக்கியவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்விழித்துக் காத்தவர்கள், தலையணையை மார்போடு அணைத்து இருமக் கற்றுக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட், கேட்டதும் ஓடிவந்து இரத்தம் கொடுத்த நண்பர்கள், இவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

ஆனால் இந்த மடலில் பெரும்பங்கு ஒரு செவிலியருக்கே சேர வேண்டும். பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால், சிஸ்டர் என்றே எழுதுகிறேன்.

வீட்டுக்கு அனுப்பும் தாள்கள் தயாராகிக்கொண்டிருந்தபோது, பணிநேரம் முடிந்திருந்தும் அவர் அம்மாவின் கட்டிலருகே அமர்ந்து, ஒரு சாதாரண நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். தேதி, ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்), வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை) அளவு, புதிதாகச் சேர்ந்த மருந்து, மாத்திரை மறந்த நாள் என ஐந்து கட்டங்கள். மெக்கானிக்கல் வால்வு (உலோகம், கார்பன் போன்றவற்றால் ஆன செயற்கை வால்வு) என்றால் வார்ஃபரின் வாழ்நாள் முழுவதும் உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். மாற்றியது மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வு) என்பதால் ஐ.என்.ஆர். 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்றும், குறைந்தால் வால்வில் இரத்தம் உறையலாம், கூடினால் இரத்தக்கசிவு வரலாம் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த எண்ணோடு அன்றாடம் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதைச் சொல்லித் தந்தவர் சிஸ்டர்தான். மாத்திரையை மாலையில் போட்டால், காலையில் எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவைப் பார்த்து அன்றைக்கே அளவை மாற்றிக்கொள்ளலாம் என்றார். கீரையை ஒதுக்க வேண்டியதில்லை, வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் போதும் என்றார். மூட்டுவலிக்கென்று தாமாக மாத்திரை வாங்கிப் போடக்கூடாது என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார். கடைசிக் கட்டத்தைத் தொட்டுக் காட்டி, "மறந்தா மறந்தேன்னு எழுதுங்கம்மா, மறுநாள் ரெண்டாப் போட்டுடாதீங்க" என்றபோது அம்மா சிரித்துவிட்டார்.

சிகிச்சைக்கு முன் நான் கேட்டதெல்லாம் மருத்துவரின் கைராசியைப் பற்றித்தான். வயது, இதயம் சுருங்கி விரியும் வலிமை, சிறுநீரகத்தின் நிலை, நுரையீரல் இரத்தக்குழாய்களின் அழுத்தம், சிகிச்சை திட்டமிட்டு நடந்ததா அவசரமாக நடந்ததா என எத்தனையோ காரணங்கள் முடிவைத் தீர்மானிக்கின்றன; அவற்றில் பெரும்பாலானவை நாங்கள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோதே முடிவாகிவிட்டவை. இந்த ஐந்து கட்டங்கள் மட்டும் எங்கள் கையில் இருக்கின்றன. மனிதருக்குச் செயற்கை மைட்ரல் வால்வு பொருத்தத் தொடங்கியது 1960-இல். அதன்பின் வால்வின் வடிவமும் பொருளும் எவ்வளவோ மாறியும், மெக்கானிக்கல் வால்வு வைத்தவருக்கு இந்த மாத்திரையிலிருந்து விடுதலை கிடைக்கவில்லை.

சிஸ்டர், பல்லில் கை வைக்கும் முன் பல் மருத்துவரிடம் வால்வைப் பற்றிச் சொல்வோம். காய்ச்சல் விடாமல் நீடித்தால், ஆன்டிபயாட்டிக்கை நாங்களாகத் தொடங்காமல் முதலில் உங்களிடம் வருவோம். அடுத்த பரிசோதனைக்கு நோட்டோடு வருகிறோம். ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் அம்மாவை விட்டுவிட்டு என்னைத் திட்டுங்கள்.