வலந்தலை சொல்லும் வடிவம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினி படங்களை இனங்காணும் முறை குறித்துச் சென்ற ஞாயிறன்று தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். பூனையின் பார்வைப் புறணியில் (மூளையின் மேற்பரப்பில் பார்வையைக் கையாளும் பகுதியில்) ஹியூபல், வீசல் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்தவை முதல், 1980-இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அமைத்த நியோகாக்னிட்ரான் என்ற, உருவங்களை இனங்காணும் கணினி வலையமைப்பு வரை தெளிவாக எழுதிய கட்டுரையாளர், மூளை அடுக்கடுக்காக மட்டுமே பார்க்கிறது என்பதுபோல் முடித்துவிட்டது குறையே. அப்புறணியின் பரப்பில் மின்னலைகளும் ஓடுகின்றன. மார்மோசெட் குரங்குகளைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மங்கலான உருவம் தோன்றும் கணத்தில் அலை இருக்கும் நிலைக்கேற்ப, குரங்கு அதைக் கவனிக்கும் வாய்ப்பு கூடியது அல்லது குறைந்தது.

இத்தகைய அலைகளை, மூளையின் நரம்பணுக்களைப் போலக் கணினியில் அமைக்கும் செயற்கை நரம்பு வலையமைப்பில் ஓடவிடுவதால் என்ன பயன் என்பதைத் தஞ்சை வட்டாரத்தாருக்கு விளக்க மிருதங்கமே போதும். என் தெருவில் மிருதங்கம் செய்யும் பெரியவர் ஒருவர் இருந்தார். சோற்றையும் கல்பொடியையும் பிசைந்து வலந்தலையில் (மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலில்) ஒரு பூச்சு இடுவார், கல்லால் தேய்ப்பார், தட்டிக் கேட்பார், மறுபடியும் பூசுவார். அதிர்வு விளிம்புவரை சென்று திரும்புவதால், தோலின் ஒரு புள்ளி அதிரும் விதத்திலேயே முழுத் தோலின் அளவும் வடிவும் கலந்திருக்கின்றன. (கரணை எனப்படும் அந்தக் கரும்பூச்சின் நுட்பத்தை ஆராய்ந்த சர் சி.வி. இராமன் பிறந்ததும் நம் காவிரிக்கரைத் திருச்சியில்தான்.)

2025-இல் வெளிவந்த ஓர் ஆய்வு செயற்கை நரம்பு வலையமைப்பில் இதையே செய்து பார்த்தது. அதில் ஒவ்வொரு செயற்கை நரம்பணுவும் அக்கம்பக்கத்து அணுக்களோடு மட்டுமே இணைந்திருந்தாலும், படத்திலுள்ள உருவத்தின் ஓரங்களில் அலை மோதித் திரும்புவதால், ஓர் அணுவின் அதிர்வை அதிர்வெண்களாகப் பிரித்தாலே அது எந்த உருவத்துக்குள் இருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. வழக்கமான வலையமைப்பு பல அடுக்குகளை ஏற்றிப் பெறும் முழுப்பார்வையை, இது நேரத்தை ஓடவிட்டுப் பெறுகிறது.

ஆனால், அங்கே சோதித்தவை பலகோணங்கள், கையெழுத்து எண்கள் போன்ற எளிய படங்களே. முரசின் வடிவத்தை ஒலியைக் கொண்டே அறிய முடியுமா என்று 1966-இல் கணித அறிஞர் மார்க் காட்ஸ் கேட்ட கேள்விக்கு, வேறுபட்ட இரு வடிவங்கள் ஒரே அதிர்வெண்களைத் தரக்கூடும் என்று 1992-இல் விடை கிடைத்ததையும் மறப்பதற்கில்லை. ஆகவே, தங்கள் கட்டுரைக்கு இட்ட 'மனிதனைப் போலவே பார்க்கும் கணினி' என்ற தலைப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

அலைகளைப் பற்றிய இப்பகுதியை அடுத்த அறிவியல் பக்கத்தில் படத்துடன் வெளியிட வேண்டுகிறேன். அதிர்வெண், வீச்சு, எதிரொளிப்பு என நம் பிளஸ் டூ மாணவர்கள் அறிந்த சொற்களே அதற்குப் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருவையாறு.